இணையம் என்னும் உடன்பாடு



மொழியியல் கற்றுக் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கணினி வலையமைப்பைப் பற்றிப் பேச அழைத்திருப்பது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். பொறிகளையும் கம்பிகளையும் ஆராய்வது பொறியாளர் பணி. ஆயினும் இரண்டு பொறிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது எழுகின்ற வினாக்களைக் கேளுங்கள். யார் முதலில் பேசுவது? பேசியது சென்று சேர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ஒருபுறம் இட்ட குறியை மறுபுறம் அதே பொருளில் கொள்வது எங்ஙனம்? இவை மொழியைப் பற்றிய வினாக்களே அல்லவா? ஆகவே, இணையத்தின் அடிப்படைகளை நாம் இன்று ஒரு மொழியாசிரியரின் கண்கொண்டு காண்போம். கம்பியும் அலையும் இணையத்தின் உடல் என்றால், அதன் உயிர் உடன்பாடு. இதுவே நாம் நிறுவ விரும்பும் கருத்து. அந்த உடன்பாட்டில் தமிழுக்கு இடம் கிடைத்தது எவ்வாறு, அவ்விடத்தைக் காக்க வகுப்பறையில் செய்ய வேண்டியது யாது என்பவற்றை இறுதியில் பேசுவோம்.

துறைமுகம் தரும் பாடம்

வலையமைப்பை விளக்க எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இம்மாநிலமே போதும். 15ஆம் நூற்றாண்டின் மலாக்கா, உலகின் பெரும் வணிகத் துறைமுகங்களுள் ஒன்று. 1511இல் போர்த்துகீசியர் இந்நகரைக் கைப்பற்றியபின் இங்கு வந்து தங்கிய தோமே பிரெஸ் என்பவர், தம் ‘சூமா ஓரியண்டல்’ நூலில், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்துள்ளார். வந்திறங்கும் வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர்க்கும் வங்காளம், பெகு, பாசை ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்க்கும் ஒருவர், சாவா முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனம் முதலிய கீழைநாட்டினர்க்கு ஒருவர். அந்த 84 மொழியினரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுத்தான் வணிகம் செய்தார்கள் என்பதில்லை. சந்தையின் பொதுமொழியாக மலாய் விளங்கியது. அவரவர் வீட்டில் அவரவர் மொழி, துறைமுகத்தில் பொதுமொழி.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. தமிழகத்துக் கப்பலும் சீனத்துக் கப்பலும் ஒரே பருவக்காற்றில் வந்து சேர்வதில்லை. மேற்கிலிருந்து வருவதற்கு ஒரு காற்று. கிழக்கிலிருந்து வருவதற்கு வேறொரு காற்று. ஆகவே துணியும் பட்டும் நறுமணப் பொருளும் மலாக்காவின் கிடங்குகளில் இறங்கி, காலம் வரும்வரை காத்திருந்து, வேறு கப்பலேறிச் சென்றன. பழவேற்காட்டில் ஏற்றிய துணிமூட்டை ஒரே கப்பலில் மலுக்குத் தீவுவரை செல்ல வேண்டியதில்லை. வாங்கி வைத்து, போகுமிடம் பார்த்து, அடுத்த வழியில் அனுப்பும் ஓரிடம் நடுவில் இருந்தால் போதும். இணையத்தின் சந்திகளில் நின்று இதே பணியைச் செய்யும் கருவிதான் ரௌட்டர். தமிழில் அதனைத் திசைவி என்கிறோம்.

இனி இலக்கணம் வகுக்கலாம். இரண்டோ பலவோ ஆன கணினிகள் செய்தி மாற்றிக்கொள்ளுமாறு இணைக்கப்பட்டிருப்பது வலையமைப்பு. ஒரு பள்ளியின் கணினிக்கூடத்தில் இருப்பது சிறு வலையமைப்பு. ஜாசினில் ஒரு பள்ளி, அலோர் காஜாவில் ஒரு வங்கி, டுரியான் துங்கலில் ஒரு பல்கலைக்கழகம் எனத் தனித்தனியே இயங்கும் வலையமைப்புகள், தம் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளாமலே பொதுமொழி ஒன்றை ஏற்று இணையும்போது பிறப்பது இணையம். அது வலைகளின் வலை. அப்பொதுமொழிக்கு நெறிமுறை என்று பெயர். இணையமும் வையவிரிவலையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். இணையம் பாதை; வையவிரிவலை அப்பாதையில் செல்லும் ஊர்திகளுள் ஒன்று. மின்னஞ்சலும் காணொலி அழைப்பும் வேறு ஊர்திகள். வையவிரிவலையை 1989இல் முன்மொழிந்தவர் செர்ன் ஆய்வகத்தைச் சேர்ந்த டிம் பெர்னர்ஸ்-லீ. இணையத்தின் வரலாறோ அதற்கும் இருபது ஆண்டுகள் முற்பட்டது.

பொட்டலமாகப் பிரியும் செய்தி

பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கென ஒரு பாதை முழுவதும் ஒதுக்கப்பட்டது. அவர்கள் வாய்மூடி இருந்தாலும் அப்பாதையை வேறெவரும் பயன்படுத்த இயலாது. 1960களில் அமெரிக்காவில் பால் பேரன், பிரிட்டனில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே வேறொரு முறையைச் சிந்தித்தனர். செய்தியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின்மேலும் முகவரியையும் வரிசை எண்ணையும் எழுத வேண்டும். கிடைத்த வழியில் அனுப்ப வேண்டும். சேருமிடத்தில் வரிசைப்படுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்துண்டுக்குப் பொட்டலம் என்று பெயர். 1969 அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்சிலிருந்த பல்கலைக்கழகக் கணினி ஒன்றிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்கு, அர்பாநெட் என்னும் வலையமைப்பின்வழி முதற்செய்தி சென்றது. ‘லாகின்’ என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றபோது, முதல் இரண்டு எழுத்துகள் சென்ற அளவில் எதிர்ப்பக்கக் கணினி நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச்சொல்லும் சென்று சேர்ந்தது.

கரும்பலகையில் மாணவர்க்குக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறோம். ‘மலாக்கா’ என்னும் சொல்லைக் கைப்பேசியில் எழுதி அனுப்புவதாகக் கொள்வோம். நம் இலக்கணப்படி அதில் ம, லா, க், கா என நான்கு எழுத்துகள். கணினியின் கணக்கு வேறு. ம, ல, துணைக்கால், க, புள்ளி, க, துணைக்கால் என அது ஏழு குறிகளாகக் கொள்ளும். ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு எனப்படும் உலகப் பொது அட்டவணையில் ஓர் எண் உண்டு. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். ஆக, 21 பைட்டு. ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட்டு வீதம் 168 பிட்டு. பிட்டு என்பது 0 அல்லது 1 என்னும் ஒரே ஓர் இலக்கம். பொட்டலம் ஒன்றில் பொதுவாக 1500 பைட்டு வரை செல்லும். எனவே ‘மலாக்கா’ ஒரே பொட்டலத்தில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ ஆயிரக்கணக்கான பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும்.

பொட்டலங்களைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகளுள் தலையாயவை இரண்டு. ஐ.பி. என்னும் நெறிமுறை முகவரி பார்த்து அனுப்பும். சென்று சேரும் என்ற உறுதியைத் தராது. டி.சி.பி. என்னும் நெறிமுறை, சேர்ந்ததா எனக் கேட்டு, சேராததை மீண்டும் அனுப்பி, வரிசை பிறழ்ந்ததை ஒழுங்குபடுத்தும். முன்னது சாதாரண அஞ்சல். பின்னது ஒப்புகை பெற்றுவரும் பதிவஞ்சல். இவற்றின் அடிப்படைக் கருத்தை விண்ட் செர்ஃப், பாப் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். 1983 சனவரி 1ஆம் நாள் அர்பாநெட் இந்நெறிமுறைகளுக்கு மாறியது. நம் நாட்டில் 1992இல் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை தொடங்கியபோதும், 1996இல் டி.எம்.நெட் வந்தபோதும் புதிய பொதுமொழி எதையும் ஆக்க வேண்டியிருக்கவில்லை. உலகம் ஏற்றிருந்த நெறிமுறையை ஏற்பதே போதுமானதாயிற்று.

முகவரியும் தோட்ட அலுவலகமும்

பழைய ரப்பர்த் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்த முறையைப் பெரியவர்கள் அறிவார்கள். உறையின்மேல் தோட்டத்தின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும் இருக்கும். அஞ்சற்காரர் லயம் லயமாக வந்து கொடுப்பதில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் சேரும். எவர் எந்த லயத்தில் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை அறிந்த கிராணியார் வழியாக அவை உரியவரைச் சென்றடையும். வெளியுலகுக்குத் தோட்டம் முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே வீட்டுக்கு வீடு தனியெண். நம் வீட்டுத் திசைவி செய்வதும் இதுவே. வெளியே ஒரு முகவரியைக் காட்டிவிட்டு, உள்ளே கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனி உள்முகவரி தருகிறது. எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதை நினைவில் வைத்து, வந்த விடையை அக்கருவிக்கே அனுப்புகிறது. இரண்டு தோட்டங்களில் ஐந்தாம் லயம் இருந்ததால் கடிதம் மாறிப்போகவில்லை. இரண்டு வீடுகளில் ஒரே உள்முகவரி இருப்பதாலும் செய்தி மாறிப்போவதில்லை.

இவ்வேற்பாட்டுக்குத் தேவை எழுந்த காரணம் எளிது. ஐ.பி. நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி 32 பிட்டு நீளமுடையது. அதில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. 128 பிட்டு நீளமுள்ள ஆறாம் பதிப்பு இப்பஞ்சத்தைப் போக்க வந்தது. இனி, எண்களை மனிதர் நினைவில் வைப்பது கடினமாதலின், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித்தரும் களப்பெயர் முறைமை 1983இல் உருவாக்கப்பட்டது. நெடுங்காலம் இப்பெயர்கள் இலத்தீன் எழுத்தில் மட்டுமே அமைந்தன. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழெழுத்திலும் களப்பெயர்களாக உள்ளன. உள்ளே அவை இலத்தீன் குறிகளாக மாற்றப்பட்டே செல்கின்றன. ஆயினும் எழுதுவோரும் படிப்போரும் காண்பது தமிழ்.

காற்றில் ஓர் ஒழுங்கு

இனிக் கம்பியில்லா இணைப்புக்கு வருவோம். இங்குச் செய்தியைச் சுமப்பது வானொலி அலை. கம்பியில் ஒருவர்க்கு ஒரு பாதை அமைக்கலாம். காற்றுவெளி அனைவர்க்கும் பொது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற தலைமுறைக்கு இதன் சிக்கல் எளிதில் விளங்கும். பெயர் அழைக்கப்பட்டவர் மட்டுமே குரல் கொடுப்பார். அனைவரும் ஒருங்கே குரல் கொடுத்தால் வந்தவர் யார், வராதவர் யார் என்பது தெரியாது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971இல் இயக்கிய அலோகாநெட், தீவுகளிலிருந்த முனையங்களை வானொலியால் இணைத்தது. அங்கே பெயரழைப்பும் இல்லை. எவரும் எப்போதும் பேசலாம். இரண்டு பொட்டலங்கள் மோதிச் சிதைந்தால் ஒப்புகை வராது. ஒப்புகை வராதவர்கள், முன்னரே குறிக்கப்படாத ஒரு சிறுபொழுது காத்திருந்து மீண்டும் அனுப்புவர். அப்பொழுது ஒவ்வொருவர்க்கும் வேறுபடுமாதலின், மீண்டும் மோதுவது அரிதாகும்.

இன்றைய வை-ஃபை, தமிழில் அருகலை, இக்கருத்தைச் செம்மைப்படுத்திக் கொண்டது. முதலில் செவிமடுக்க வேண்டும். காற்று அமைதியாயிருந்தால் பேச வேண்டும். பிறர் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். இதற்கான முதல் தரநிலை 1997இல் வெளிவந்தது. ஒரு வகுப்பறையில் நாற்பது கருவிகளை ஒரே அருகலையில் இணைத்தால் வேகம் குறைவது ஏன் என்பதற்கு விடை இவ்வொழுங்கிலேயே உள்ளது. நாற்பது பேரும் ஒருவர்க்கொருவர் வழிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அருகலை பெரிதும் பயன்படுத்தும் அலைவரிசைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு. முன்னது கூடுதல் தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு கடக்கும். பின்னது கூடுதல் செய்தி சுமக்கும், ஆனால் விரைவில் தளரும். நீர்ப்பசை நிறைந்த இலைகள் இத்தகைய அலைகளை உறிஞ்சும் இயல்புடையன. ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை அடர்ந்துவிட்ட உட்பகுதிகளில், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே செம்பனை மட்டைகளும் மேடுபள்ளங்களும் நிற்கின்றன. நகரத்து மாணவர்க்கும் தோட்டத்து மாணவர்க்கும் இணைப்பு வேறுபடுவதற்கு இயற்பியல் ஒரு காரணம். கோபுரம் எங்கே, எத்தனை பேருக்காக எழுப்பப்படுகிறது என்னும் பொருளியல் மற்றொரு காரணம். உடன்பாடும் இங்குத் தன் முகத்தைக் காட்டுகிறது. நம் நாட்டில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. கருவி பழுதில்லாமல் இருந்தாலும், அது பேசும் நெறிமுறையைக் கோபுரம் பேசாவிட்டால் அலை கடந்துசெல்லும், செய்தி வராது.

கைப்பேசித் திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் இணையம் வராதது ஏன் என்று மாணவர் கேட்பர். அக்கோடுகள் நம் கருவிக்கும் அண்மையிலுள்ள கோபுரத்துக்கும் இடையே அலையின் வலிமை எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும். அதற்கு அப்பால் எங்கேனும் கம்பி அறுந்திருந்தால் கோடுகள் அதனை அறியா. கம்பியில்லாப் பயணம் என்பது கடைசிச் சில மீட்டரோ சில கிலோமீட்டரோ ஆகும். கடல் கடக்கும் நெடும்பயணத்தின் பெரும்பங்கு கம்பிவழியே நிகழ்கிறது.

கடலடிக் கம்பி

அக்கம்பி கரையேறும் இடங்களுள் ஒன்று இம்மலாக்கா என்பது நம் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. தென்கிழக்காசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் ‘சீ-மீ-வீ 4’ என்னும் கடலடிக் கம்பி 2005ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவுற்றது. அது சிங்கப்பூரில் தொடங்கி, மலாக்காவில் கரையேறி, கொழும்பு, சென்னை, மும்பை முதலிய இடங்களைத் தொட்டுப் பிரான்சு வரை செல்கிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவுற்ற ‘சீ-மீ-வீ 5’, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் நீளமுடையது. அதுவும் மலாக்காவைத் தொட்டு, இலங்கையின் மாத்தறையிலும் கரையேறுகிறது. அக்கம்பியினுள் தலைமயிர் அளவான கண்ணாடி இழைகளில் ஒளி செல்கிறது. கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர். மலாக்காவுக்கும் சென்னைக்கும் இடையே கம்பிவழி 3,000 கிலோமீட்டர் எனக் கொண்டால், ஒருவழிப் பயணத்துக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் 15 பங்கே ஆகும். நம் முன்னோர் ரஜூலா கப்பலில் பல நாள் கடந்த கடல் அது.

இக்கடலில் செய்திக் கம்பி ஓடுவதும் புதிதன்று. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி இடப்பட்டது. அக்காலக் கடலடிக் கம்பிகளில் செம்பை உப்புநீர் தீண்டாமல் காத்தது, மலாய் மொழியில் ‘கெத்தா பெர்ச்சா’ எனப்படும் காட்டுமரத்தின் பால். அது ரப்பர் மரத்தினின்று வேறானது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகமுறையில் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகப் பெருகப் பால்மரம் வெட்டத் தமிழர் வந்தனர். உலகை இணைத்த முதற்கம்பிகளுக்கு இவ்வட்டாரத்து மரத்தின் பால் உறையாயிற்று என்பதை அறியும் மாணவர், இணையத்தை எங்கோ இருப்பவர்களின் உடைமை என்று எண்ணமாட்டார்.

எழுத்தின் உடன்பாடு

கம்பி இருந்தது, நெறிமுறை இருந்தது. ஆயினும் தமிழ் எளிதில் பயணம் செய்துவிடவில்லை. 1990களின் கணினி எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. எந்த இடத்தில் எந்தத் தமிழெழுத்தை வைப்பது என்பதை எழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்தனர். அதனால் ஓர் ஊரில் ‘அன்புள்ள’ என எழுதியது மற்றோர் ஊரின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. பொட்டலம் ஒரு பிட்டும் குறையாமல் சென்று சேர்ந்திருக்கும்; செய்தி மட்டும் சேர்ந்திராது. ஒலிக்கும் பொருளுக்கும் இடையிலான தொடர்பு மக்களின் உடன்பாட்டால் அமைவது என மொழியியலில் கற்பிக்கிறோம். எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையிலான தொடர்பும் அத்தகையதே என்பதைக் கணினி நமக்குக் கற்பித்தது.

இவ்வுடன்பாட்டை எட்டியதில் இவ்வட்டாரத் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்தெடுத்தார். சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமி 1990களின் நடுவிலேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத்தரங்களைப் பரிந்துரைத்தது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இடைக்காலத் தரங்கள் பல வந்துபோயின. இறுதியில் தமிழுலகு யூனிகோடில் ஒன்றுபட்டது. 2005இல் செல்லினம் கைப்பேசியிலும் தமிழில் எழுத வழிசெய்தது. இன்று மெர்லிமாவில் எழுதியதை யாழ்ப்பாணத்திலும் தொரொந்தோவிலும் பிழையின்றிப் படிக்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான விவாதமும் விட்டுக்கொடுத்தலும் இருக்கின்றன.

அறுந்த கண்ணியும் வகுப்பறையும்

இணைப்பு அறுந்தால் மொழிக்கு என்ன நேரும் என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. மலாக்கா நகரின் காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். சுல்தான்கள் காலத்து மலாக்காவில் வணிகம் செய்த தமிழரின் வழிவந்தவர்கள் அவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் பேணி வருகிறார்கள். வழிபாட்டைக் காத்தார்கள்; விழாக்களைக் காத்தார்கள். பேசும் மொழி மட்டும் மலாய் வழியமைந்த கலப்புமொழியாயிற்று. இதற்காக அவர்களைக் குறைகூறுவது தகாது. ஐரோப்பியர் ஆட்சியில் வணிகம் கைமாறியது. தாயகத்தோடு கப்பல் தொடர்பு குன்றியது. தமிழில் பேசவும் எழுதவும் புதிதாக எவரும் வந்து சேரவில்லை. பேசுவோர் இருந்தும் பேச எதிர்முனை இல்லாதபோது மொழி தளர்வது இயற்கை. நூற்றாண்டுகள் கடந்தும் சமயத்தைக் காத்த உறுதியுடைய ஒரு சமூகத்துக்கே இது நேர்ந்தது என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டியது.

இன்று தோட்டங்களின் நிலை யாவரும் அறிந்தது. லயங்கள் ஒழிந்தன, குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் வேறு மாநிலங்களுக்கும் பிரிந்து சென்றன. பெரட்டுக்களமும் கோயில் திடலும் தோட்டப்பள்ளியும் சேர்ந்து தமிழைத் தாமாகவே வழங்கிய அந்த வலையமைப்பு கலைந்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது கைப்பேசி. அங்கேதான் பேரனும் பாட்டியும் சந்திக்கிறார்கள். அங்கே நம் பிள்ளைகள் தமிழை இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. ‘ழ’வும் ‘ள’வும் ‘ல’வும் ஒரே எழுத்தாகிப்போகும் அவ்வழக்கில், பாட்டியால் படிக்க முடியாத ஒரு கடிதத்தைத் தாம் அனுப்புகிறோம் என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே பயன் தரும். எழுத்துக்காக ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உடன்பாட்டை, அடுத்த தலைமுறை அறியாமலே கைவிடலாகாது.

ஆசிரியர்களுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, வலையமைப்பை மாணவர் தம் உடலால் உணரட்டும். ஒரு செய்யுளடியைச் சீர்களாகப் பிரித்து, தனித்தனித் தாளில் வரிசை எண்ணிட்டு, வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வெவ்வேறு வரிசைகள் வழியாக அனுப்பச் செய்யுங்கள். நடுவில் ஒரு தாளை மறைத்துவையுங்கள். பெறுபவர் எதைக் கேட்டுப் பெறுகிறார் என்பதைக் கவனிக்கும் மாணவர் டி.சி.பி.யை மறக்கமாட்டார். இரண்டாவது, ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இயங்குவதை உறுதிசெய்யுங்கள்; வாரம் ஒரு செய்தியேனும் வீட்டுப் பெரியவர்க்குத் தமிழெழுத்தில் செல்லட்டும். மூன்றாவது, இணையம், திசைவி, நெறிமுறை, பொட்டலம், அருகலை ஆகிய சொற்களை வகுப்பில் வழங்குங்கள். மாணவர் ரௌட்டர் என்றும் வை-ஃபை என்றும் சொல்வதைத் தடுக்க வேண்டா. திசைவி என்றதும் திசை காட்டி அனுப்புவது எனப் பொருள் தானே விளங்குகிறது. அந்த விளக்கம் மாணவர்க்குக் கிடைக்கட்டும். சொல் விளங்கினால் பொருள் பாதி விளங்கும்.

கலைச்சொல் அகராதியில் இருந்தால் மட்டும் வாழாது. வழக்கில் இருந்தால் வாழும். நெறிமுறையும் அவ்வாறே. பேசும் பொறிகள் இருக்கும்வரைதான் அது நெறிமுறை. எவரும் பேசாதபோது அது பழைய ஆவணம். மலாக்காக் கரையில் வந்தேறும் கம்பி எந்த மொழியையும் விரும்புவதுமில்லை, வெறுப்பதுமில்லை. நாம் எதை இடுகிறோமோ அதைச் சுமந்துசெல்லும். அதில் தமிழை இடுவது ஆசிரியராகிய உங்கள் கையிலும் மாணவராகிய உங்கள் விரலிலும் உள்ளது.